ஹட்டன் பக்கம் மைக்ரோகொன்ட்ரோலர் சிப் எங்கே வாங்கலாம்?

ஹட்டனில் இருந்துகொண்டு சின்ன சர்க்கியூட் ஒன்றுக்கு அட்மெகா 328பி என்ற மைக்ரோகொன்ட்ரோலர் (நாம் எழுதும் ப்ரோக்ராமை ஓட்டும் குட்டிக் கணினி) சிப் நாலைந்து எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம். இதே தேடலில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் டவுனில் தேடி அலையாதீர்கள். டீவி திருத்தும் கடைகளில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் வாங்கலாம். சிப் என்று கேட்டால் ஒரு பழைய டீவி போர்டை எடுத்து நீட்டுவார்கள். அதில் இருப்பதும் மைக்ரோகொன்ட்ரோலர்தான், ஆனால் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எழுதி முடித்தது. நம் ப்ரோக்ராம் அதில் ஏறாது.

எங்கள் லயத்துக்கு மேலே பீலித் தண்ணீர் வந்து விழும் டேங்க் ஒன்று இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் வீட்டில் பஸ்ஸர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். ஒன்லைனில் 328பி ஐந்து ஓடர் பண்ணினேன். மூன்று வாரம் கழித்து வந்த பொட்டலத்தைப் பிரித்தால், 7 மில்லிமீட்டர் சதுரத்தில் சுற்றிவர 32 கால். பற்றவைக்காமல் சர்க்கியூட் கட்டும் துளைப் பலகையான பிரெட்போர்டில் குத்தவே முடியாது. கடைக்காரரைத் திட்டி என்ன பயன், பெயரின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்க்காதது நான்தான். 'பியூ' என்று முடிந்தால் 28 கால் உள்ள நீள சிப், நமக்கு வேண்டியது. 'ஏயூ' என்றால் அந்தச் சின்னச் சதுரம்.

இரண்டாம் தடவை வேறொரு விற்பனையாளரிடம் சரியான பியூ வாங்கினேன். ப்ரோக்ராம் ஏற்றப் போனால், சிப்பின் அடையாள எண் பொருந்தவில்லை என்று கணினி நின்றுவிட்டது. 328பிக்கு அந்த எண் 1ஈ 95 0எஃப். எனக்கு வந்தது 1ஈ 95 14, அதாவது பி இல்லாத வெறும் 328. மேலே மட்டும் 'பி' போட்டிருந்தார்கள். நெயில் பொலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன், மேலே பூசியிருந்த கறுப்பு வந்து ஒட்டியது. செட்டிங்கில் 328 என்று மாற்றியதும் ஒழுங்காக வேலை செய்தது, அது வேறு கதை. பற்றரியில் ஓட்டுவதாக இருந்தால்தான் வித்தியாசம் தெரியும், மின்சாரத்தைச் சிக்கனமாக உறிஞ்சுவது பி வகைதான்.

அப்புறம்தான் இரவு மெயிலில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக்ஸ் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை. "328 இருக்கா அண்ணே?" என்றேன். "தம்பி, சும்மா சிப்பா, போர்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "என்னத்துக்குச் சிப்? நானோ போர்டை எடுங்க, இதைவிட மலிவு." நானோ என்றால் இதே சிப்பைப் பொருத்தி வரும் சின்ன போர்ட். கணக்குப் பார்த்தால் உண்மைதான். வெறும் சிப்புக்கு 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல், 22 பிகோஃபரட் கெபாசிட்டர் இரண்டு, ரீசெட்டுக்கு 10கே ரெசிஸ்டர், அதற்கு மேல் ப்ரோக்ராம் ஏற்றும் கருவியான ப்ரோக்ராமர் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். சீனத்து நானோவில் எல்லாமே சேர்ந்து வரும். போயா நாளில் மட்டும் போய்விடாதீர்கள், பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்.

நாலைந்து சிப்புக்காக டிஜிகீ, மவுசர் போன்ற வெளிநாட்டு ஒன்லைன் கடைகள் பக்கம் போகவும் வேண்டாம். சாமான் நம்பகமானது, ஆனால் கூரியர் காசு சிப்பின் விலையைத் தாண்டிவிடும். நண்பர்கள் சேர்ந்து பெரிய ஓடராகப் போட்டால் கட்டுப்படியாகும். அலிஎக்ஸ்பிரஸ் மலிவு, ஆனால் தாமதம், மேலே சொன்ன மாதிரிச் சூதாட்டமும் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, உலகமெங்கும் சிப் தட்டுப்பாடும் கூடவே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நானோ வாங்கவே யோசித்தேன்.

ஒரு விஷயம் பிந்தித்தான் உறைத்தது. என் டேங்குக்குத் தேவைப்பட்டது தண்ணீர் மட்டம் பார்க்க மூன்று கம்பி, ஒரு பல்ப், ஒரு பஸ்ஸர். மொத்தம் ஐந்து கால்கள்தான். அதற்கு எட்டுக் கால் உள்ள அட்டைனி 85 என்ற சின்ன சிப்பே போதும், ரீசெட் காலைத் தொடாமலே ஐந்து கால் கையில் கிடைக்கும். நம் பாவனைக்கு 23 கால் தரும் சிப்புக்காக இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன்! நீங்களும் முதலில் உங்கள் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு கடைக்கு போன் பண்ணி, "எது கையிருப்பில் அதிகம்?" என்று கேட்டு, அதற்கேற்பத் திட்டத்தை வளையுங்கள். 328தான் வேண்டும் என்றால், சிப் சொக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், நானோவைவிடப் பெரிய ஊனோ போர்ட் ஒன்றை வாங்குங்கள். அதிலேயே ப்ரோக்ராம் ஏற்றிச் சிப்பைக் கழற்றிக்கொள்ளலாம், தனி ப்ரோக்ராமர் வேண்டாம். சிப்பைக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்த ஊனோக்களும் விற்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கியதை வெளியே போட்டுவைக்காதீர்கள். நம்மூர் மூடுபனியில் ஒரு மழைக்காலம் போதும், கால்கள் மங்கி ஈயம் ஒட்டாது. நான் பால்மா டின்னில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் அந்த ஜெல் பைக்கற்றைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். அந்த 32 கால் ஐந்தும் இன்னும் அதற்குள்தான் கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன்.