கடல் தாண்டக் காசு தனி! (நுகர்வோர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தீவுப் பயணம் பற்றியவை. லீவு நெருங்குகிறது போல.

கே: காக்கா (அண்ணே), தம்பிக்குக் கல்யாணம் முடிந்து மாலத்தீவு அனுப்பினோம். நான்கு இரவு, இரண்டு பேருக்கு 1,65,000. ‘எல்லாம் சேர்த்து’ என்று சென்னை ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அங்கே இறங்கியதும் சீப்ளேனுக்கு (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்) தனியாகக் கட்டச் சொன்னார்கள். இறங்கியதே மாலை ஐந்தரை என்பதால் அன்றைக்கு சீப்ளேனும் இல்லை. ராத்திரி தலைநகர் மாலேயில் சொந்தக் காசில் லாட்ஜ். ரிசார்ட்டை விட்டுக் கிளம்பும்போது வரி என்று இன்னொரு பில். ஏஜென்ட் இப்போது போனே எடுப்பதில்லை.
– கீழக்கரை வாசகர்

ப: தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. புதுப்பெண் முன்னால் பையனைத் தலைகுனிய வைத்த அந்த ஏஜென்ட்டை நினைத்தால் எனக்கே கை பரபரக்கிறது.

இது எனக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவு என்பது ஆயிரத்துக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள், வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடப்பவை. ஏர்போர்ட் ஒரு தீவில், ரிசார்ட் வேறு தீவில். ராமேஸ்வரத்தில் ரூம் போட்டால் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறிப் போய்விடலாம். அங்கே ரிசார்ட்டுக்குப் போக ஸ்பீட்போட், உள்நாட்டு விமானம், சீப்ளேன் இவற்றில் ஒன்றுதான் வழி. தூரத்து ரிசார்ட் என்றால் இந்தக் கட்டணமே அறை வாடகையோடு போட்டி போடும். அதை மறைத்துவிட்டு வாடகையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவது, தோணியை விற்றுவிட்டுத் துடுப்புக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி.

சீப்ளேன் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். தொழிலில் இருக்கிற எந்த ஏஜென்ட்டுக்கும் இது தெரியும். தெரிந்தே மாலை விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறார், அது மலிவு என்பதால்.

வரிக்கு வருவோம். 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். மாலேயில் போன இரவைக் கழித்தால் மூன்று இரவு, இரண்டு பேர், 72 டாலர். இதற்கு மேல் ரிசார்ட் பில்லில் 17 சதவீதம் ஜி.எஸ்.டி., பெரும்பாலும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். இந்த வரிகள் நியாயமானவைதான். ‘எல்லாம் சேர்த்து’ என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு அவற்றை உங்கள் தலையில் கட்டியதுதான் அநியாயம்.

செய்ய வேண்டியது: அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுங்கள். லாட்ஜ் பில், சீப்ளேன் ரசீது, ரிசார்ட் பில் மூன்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ராமநாதபுரத்தை விட்டு சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: மாலத்தீவு விசாவுக்கு ஒரு வெப்சைட்டில் தலைக்கு 4,500 கட்டினேன். இது சரியான தொகையா?
– பரமக்குடி

ப: சரியான தொகை பூஜ்யம். சுற்றுலா போகும் இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் விசா இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்கிற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். கட்டிவிட்டு வந்து கேட்கிறீர்களே, கட்டும் முன் ஐந்து நிமிடம் தேடியிருக்கக் கூடாதா?

கே: இன்ஸ்டாகிராமில் ‘லட்சத்தீவு 3 நாள் 9,999’ பார்த்து முன்பணம் ஜிபே செய்துவிட்டேன். பர்மிட் பற்றிக் கேட்டால் ‘அதெல்லாம் வேண்டாம் ப்ரோ’ என்கிறார். டிக்கெட் வருமா?
– தொண்டி

ப: வராது. பர்மிட் இல்லாமல் லட்சத்தீவில் நுழைய முடியாது. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கே: மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டுவதாக ஒருவர் தலைக்கு 1,500 கேட்கிறார். நம்பலாமா ஐயா?
– மதுரையிலிருந்து வரவிருப்பவர்

ப: அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அவற்றை எப்படிக் காட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். மீதியும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பிடிபட்டால் படகுக்காரரோடு நீங்களும் நிற்க வேண்டிவரும். தீவு பார்த்தே ஆக வேண்டும் என்றால் குருசடைக்கு வனத்துறையே படகு விடுகிறது. ரசீது தருகிறார்கள், லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள். அதன் கிளிப் சரியாக மாட்டுகிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தீவிலிருந்து கொண்டுவந்த பவளப்பாறைத் துண்டை ஷோகேஸில் வைக்கலாமா?

ப: கூடாது. எடுத்த ஊரிலும் குற்றம், வைத்திருக்கும் ஊரிலும் குற்றம்.

கே: ராமேஸ்வரத்தில் வலம்புரிச் சங்கு 7,000 சொல்கிறார்கள். சர்டிபிகேட்டும் உண்டாம். வாங்கலாமா அண்ணே?
– சாயல்குடி

ப: இதில் நான் பட்டவன். பல வருடம் முன்னால் 6,500 கொடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆறு மாதம் பூவும் பொட்டுமாக இருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்த சங்கு குளிக்கிற நண்பர் அதைக் கையில் எடுத்தார், வாய்க்குள் விரலை விட்டார், சிரித்தார். நம் கடல் சங்கின் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிசையாக விரலில் தட்டுப்படும். என்னுடையது வழுவழுவென்று இருந்தது. அமெரிக்கக் கடலோரத்தில் ஒரு வகைச் சங்கு, பிறவியிலேயே எல்லாம் வலம்புரி மாதிரி திரும்பியே இருக்குமாம். அங்கே அது அபூர்வமே இல்லை. என் வீட்டுக்காரி அதில் இப்போது சாவிகளைப் போட்டு வைக்கிறாள்.

விரலை விட்டுப் பாருங்கள். கடைக்காரர் விடக் கூடாது என்றால் இறங்கி நடங்கள். சர்டிபிகேட் அவர் கடை பிரிண்டரில் அடித்தது.

கே: படகில் வாந்தி வராமல் இருக்க என்ன வாங்குவது?

ப: மாத்திரை. டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். பாம்பன் தாண்டிய பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான்.