இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்: வாசகர் கேள்வி - பதில்

கே: என் 2012 ஸ்விஃப்ட் டீசல் 2,10,000 கி.மீ. ஓடிவிட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. 'வயசான இன்ஜின், கெட்டி ஆயில் ஊத்தினா சரியாகும்' என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?
- வாசகர், ஈரோடு

ப: வேண்டாம். உங்கள் 1,248 சிசி இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து உள்ளே அடிக்கிறது. 20டபிள்யூ-40 போன்ற கெட்டி ஆயில் மேலே ஏற இன்னும் தாமதமாகும். நோய் அப்படியே இருக்க, கேடுதான் கூடும். கையேட்டில் சொன்ன கிரேடை மாற்றாதீர்கள்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஓடித் தேய்ந்த டீசல் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். அடுத்த சர்வீஸ்வரை பார்க்காமல் விட்டுத்தான் பலர் செயினைக் கெடுக்கிறார்கள். 1,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. குறைந்திருந்தால் மேல் கோட்டுக்குள் நிற்கும்படி ஊற்றுங்கள், தாண்டக் கூடாது.

அளவு சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். நீண்டுபோன செயின் ஒரு பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்ம் முறியும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். செயின், டென்ஷனர், செயினைத் தாங்கும் கைடு, பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். முன்பக்க கவரைத் திறக்கும்போதே கிராங்க் ஆயில் சீலையும் மாற்றிவிடலாம். கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டையும் அசையாமல் பூட்டும் லாக்கிங் டூல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெயின்ட்டில் குறி வைத்துச் செய்கிறோம் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

கே: கூலன்ட் மாதாமாதம் குறைகிறது. கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எங்கே போகிறது?
- வாசகி, மதுரை

ப: சூடான இன்ஜின்மேல் கசிந்தால் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். இன்ஜின் ஆறியபின் ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்புக்குக் கீழே வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ காய்ந்த கறை தெரிகிறதா பாருங்கள். முன் இருக்கைக் கால்மிதி ஈரமாகி இனிப்பு வாடை வந்தால், காருக்குள் சூடான காற்றுக்காக இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. வெளியே எதுவும் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்; ரேடியேட்டர் மூடியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால்போல மாறினாலோ, ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள், அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

குறைவதற்கெல்லாம் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம்.

கே: 15 ஆண்டு முடிந்தால் காரை ஸ்கிராப்புக்குத்தான் கொடுக்க வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

ப: தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி விதி இல்லை. ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். வண்டியை நேரில் காட்டித் தேறினால் 5 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். பசுமை வரி தனி. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்கட்டும். அடிப்பாகத் துரு, ஹேண்ட்பிரேக், எல்லா விளக்குகள், சேஸிஸ் எண் படிக்கத் தெளிவாக இருப்பது - இவற்றைச் சரிபார்த்துவிட்டே வண்டியைக் கொண்டுபோங்கள்.