அமெரிக்காவில் என் ஆறு வயது மகனை கப் ஸ்கவுட்டில் (சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் அமைப்பு) சேர்த்திருக்கிறோம். பேட்ஜ் வாங்க அவன் என்ன செய்ய வேண்டும்? தேர்வு உண்டா?

தேர்வு கிடையாது. என் பிள்ளைகள் இதில் இருந்தார்கள், ஒரு டென்னுக்கு, அதாவது சிறு குழுவுக்கு, லீடராகவும் இருந்திருக்கிறேன். அங்கே நம் ஊர்ப் பெற்றோர் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அடுத்தது, "மற்ற பிள்ளைகள் எத்தனை முடித்துவிட்டார்கள்?"

சாரணரின் மிக உயர்ந்த படியான ஈகிள் ஸ்கவுட் ஆக 21 மெரிட் பேட்ஜ் வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பெரிய பிள்ளைகளின் கதை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சின்னவர்களுக்கு வகுப்புக்கு ஒரு படி. கிண்டர்கார்டன் என்றால் லயன், முதல் வகுப்பு டைகர், அடுத்து வுல்ஃப், பேர் (கரடி), வெபலோஸ், ஐந்தாம் வகுப்பில் ஆரோ ஆஃப் லைட். உங்கள் மகன் முதல் வகுப்பு என்றால் டைகர். லயனிலும் டைகரிலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்வர முடியாது.

ஒவ்வொரு படியும் 'அட்வென்சர்' எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். 2024இல் இதைச் சீராக்கினார்கள்: ஆறு கட்டாயம், இரண்டு விருப்பம். எட்டும் முடிந்தால் அந்த ஆண்டின் பேட்ஜ், சட்டையின் இடது பையில். பேர் படி வரை, இடையில் முடிக்கும் ஒவ்வொரு அட்வென்சருக்கும் பெல்ட்டில் கோத்துக்கொள்ள ஒரு லூப் தருவார்கள். பிள்ளைகளுக்குப் பேட்ஜைவிட இதுதான் உயிர்.

கட்டாய ஆறில் முதலாவது பாப்கேட். சாரணர் உறுதிமொழி, சட்டம் எல்லாம் அதில் வரும். மற்றவை வெளிப்புறம், உடல்நலம், குடிமைப் பண்பு, பாதுகாப்பு, குடும்பமும் இறைநம்பிக்கையும். வெளிப்புறப் பகுதியில் மலையேற்றச் சாதனையை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டில், டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, வழித்தீனி, வெயில் பாதுகாப்பு என்ற ஆறு பொருளைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். பையை அவனே அடுக்கட்டும். டார்ச் அடியில் போய்விட்டால் போகட்டும், தேடும்போது தெரிந்துகொள்வான். இறைநம்பிக்கைப் பகுதியை உங்கள் வீட்டு வழக்கப்படியே செய்யலாம்.

தேறினானா என்று யார் முடிவுசெய்வது? இவர்களின் கொள்கையே 'உன்னால் முடிந்ததைச் செய்'. அளவுகோலும் அதுதான். ஒருவன் சட்டத்தின் பன்னிரண்டு அம்சங்களையும் கடகடவென்று ஒப்பிப்பான், இன்னொருவன் ஐந்தாவதில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். இருவரும் முயன்றிருந்தால் இருவருக்கும் உண்டு. நம் ஊர் மார்க் ஷீட் மூளைக்கு இது கொஞ்சம் உறுத்தும். எனக்கும் ஆரம்பத்தில் இது தளர்வான ஏற்பாடாகத்தான் பட்டது. ஆனால் தயங்கி நிற்கிற பிள்ளை அடுத்த வாரமும் வருவது இதனால்தான். வீட்டில் செய்ததை ஸ்கவுட்புக் செயலியில் நீங்களே குறித்துவிடலாம், டென் லீடர் ஒப்புதல் தருவார். செய்யாததைக் குறிக்காதீர்கள். லீடருக்குத் தெரிகிறதோ இல்லையோ, பையனுக்குத் தெரியும்.

விருப்பப் பகுதியில் பைன்வுட் டெர்பி காரையும் கணக்கில் சேர்க்கலாம். 1953இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மரக்கார் பந்தயம் இது. ஒரு பைன் கட்டை, நான்கு சக்கரம். பெரும்பாலும் அப்பாக்கள்தான் கேரேஜில் ராத்திரி உட்கார்ந்து ராக்கெட் விஞ்ஞானம் செய்வார்கள். அறுப்பது உங்கள் வேலை. உப்புத்தாள் தேய்ப்பதும் வண்ணம் பூசுவதும் அவன் வேலை, எவ்வளவு கோணலாக வந்தாலும் சரி.

ஆண்டு முடிவதற்குள் எட்டும் முடியவில்லை என்றால் என்ன? ஒன்றும் ஆகாது. அந்த பேட்ஜ் மட்டும் கிடைக்காது, அடுத்த வகுப்பில் அடுத்த படியைப் புதிதாகத் தொடங்குவான். விட்டதைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையும் நேராக பேர் படியில்தான் தொடங்கும்.