பெல் நிறுவனம் என்ன செய்கிறது? அதை அரசு ஏன் தொடங்கியது?

பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ்) மின் நிலையங்களுக்கான பெரிய இயந்திரங்களைச் செய்து தரும் மத்திய அரசு நிறுவனம். அது மின்சாரம் விற்பதில்லை. நெசவாலைக்குத் தறி செய்து கொடுப்பவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்து விற்பது வேறு ஆள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அணை, அனல் மின் நிலையம் எது கட்டினாலும் இயந்திரம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. இங்கேயே செய்யலாம் என்றால் முதலீடு மிகப் பெரியது, லாபம் வரப் பல வருடம் ஆகும். அதனால் அரசே இறங்கியது. திருச்சி திருவெறும்பூர் பாய்லர் (நீராவி உண்டாக்கும் கொதிகலன்) ஆலைக்கு செக்கோஸ்லோவாக்கியா உதவியது, ஹரித்வார் ஆலைக்கு சோவியத் யூனியன்.

திருச்சியில் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அனல் மின் நிலையத்தின் பெரிய பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்காது. உயரமான இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கும். சூடேறினால் முழு பாய்லரும் சில அங்குலம் கீழ்நோக்கி நீளும், அதற்கு இடம் வேண்டுமே! அதன் சுவர்களே வரிசையாகப் பற்றவைத்த (வெல்டிங் செய்த) குழாய்கள்தான். உள்ளே ஓடும் தண்ணீர் நீராவியாகிறது. ஒரு பற்றவைப்பில் கசிவு வந்தாலும் அந்த மின் உற்பத்திப் பிரிவையே நிறுத்த வேண்டிவரும். அதனால்தான் திருச்சி வெல்டர்களுக்கு அவ்வளவு மரியாதை.

அப்புறம், அரசு நிறுவனம் என்பதால் ஆர்டர் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தனியார் நிறுவனங்களோடு டெண்டரில் போட்டியிட்டுத்தான் பெல் பெரும்பாலான வேலைகளைப் பெறுகிறது.