மாஸ்டடானில் எந்த சர்வரில் சேரலாம்? கேள்வி பதில்

மாஸ்டடான் ட்விட்டர் போன்ற ஒரு சமூக வலைத்தளம், ஆனால் அதற்கு ஒரே தலைமையகம் கிடையாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் நடத்த யாரோ ஒருவர். சிறிய சர்வர் ஒன்றை நானும் நடத்துகிறேன். தேர்வு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: நம்பகமான சர்வர் என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: முதலில் அறிமுகப் பக்கத்தைத் திறந்து, அட்மின் யார், எப்படித் தொடர்புகொள்வது, எந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர ஒரு சர்வர் நான்கு விஷயங்களுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்: வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்துவது, தினமும் பேக்கப், அவசரத்துக்கு சர்வருக்குள் நுழைய இன்னொரு ஆள், மூடுவதானால் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. பட்டியலில் இல்லாத சர்வரிடமும் இதையே கேளுங்கள். அந்த இன்னொரு ஆள் மிக முக்கியம். அட்மின் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரத்தில் டிஸ்க் நிரம்பினால் பதிவு எதுவும் ஏறாது, பார்க்க ஆளும் இருக்காது.

அப்புறம் முகவரியின் கடைசி எழுத்துகள். க்வியர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் முகவரியை 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. ஏஎஃப் ஆப்கானிஸ்தானுக்கு உரியது. மற்ற சர்வர்கள் உங்களை அடையாளம் காண்பது அந்த முகவரியை வைத்துத்தான். மெஷின் ஓடினாலும் முகவரி போனால் கணக்கு போச்சு.

கேள்வி: மூடினால் வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாமே?

பதில்: பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அதுவும், 'இவர் இடம் மாறிவிட்டார்' என்ற செய்தியைப் பழைய சர்வர்தான் அனுப்ப வேண்டும். அது நின்றுபோன பிறகு அனுப்ப வழியில்லை. நீங்கள் பின்தொடர்வோரின் பட்டியலை இன்றே இறக்கி வையுங்கள்.

கேள்வி: சர்வர்களுக்கு ஸ்டார் ரேட்டிங் வைத்தால் தேர்வு சுலபமாகாதா?

பதில்: ஒருவரே ஆயிரம் கணக்குத் தொடங்கி ஸ்டார் போடலாம். இதற்கு சிபில் தாக்குதல் என்று பெயர். அடையாளத்தை உறுதிசெய்ய மைய அமைப்பு எதுவும் இல்லாத வலையில் இதை முழுதாகத் தடுப்பது நடைமுறையில் முடியாது என்று கணினி ஆய்வாளர் ஜான் டூசர் 2002-லேயே காட்டிவிட்டார்.

கேள்வி: அதற்குத்தான் 2003-ல் ஸ்டான்ஃபோர்டில் ஐகன்டிரஸ்ட் என்ற மதிப்பிடும் முறை வந்துவிட்டதே! நம்பகமானவர் தரும் மதிப்புக்கு அதிக எடை, அவ்வளவுதானே?

பதில்: நல்ல வாதம், எனக்கும் பிடித்த அல்காரிதம். ஆனால் அதைக் கவனமாகப் படியுங்கள். கள்ளக் கூட்டு சேர்ந்து ஒருவருக்கொருவர் மதிப்பெண் ஏற்றிக்கொள்வதைத் தடுக்க, முன்கூட்டியே நம்பப்படும் சிலர் அதற்குத் தேவை. அந்தச் சிலரை யார் தேர்ந்தெடுப்பது? அல்காரிதம் அதைச் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு வருடமாக எந்த சர்வரில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் 'முன்கூட்டியே நம்பப்படுபவர்கள்' அவர்கள்தான்.

கேள்வி: நேரடிச் செய்திகள் ரகசியமா?

பதில்: இல்லை. அட்மின் நினைத்தால் படிக்க முடியும்.

கேள்வி: ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

பதில்: இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால், அது விழும் நாளில் எல்லோரும் விழுவோம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இலவச டொமைனில் நானே ஒன்று தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். இலவசமாகக் கிடைத்துவந்த டாட் எம்எல் முகவரிகளின் நிர்வாகம் 2023-ல் மாலி அரசின் கைக்குத் திரும்பியது. மாஸ்டடான் போலவே பல சர்வர்களில் ஓடும் லெம்மி என்ற விவாதத் தளத்தின் சர்வர் ஒன்று அப்போது முகவரியை இழந்தது. காசு கொடுத்து வாங்குங்கள், புதுப்பிக்கும் தேதியை இரண்டு பேர் குறித்து வையுங்கள்.