வாசகர் கேள்வி – பதில்: கண்கட்டும் கயிறும் உறுதிமொழியும்

கேள்வி: எழும்பூர் எத்திராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன் மண்டபத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் சரியான பதில் வருவதில்லை. சேருகிறவர் கழுத்தில் கயிறு மாட்டுவார்கள், இரகசியத்தை வெளியே சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இதில் எவ்வளவு உண்மை? – ஒரு வாசகி, புரசைவாக்கம்.

பதில்: ஃப்ரீமேசன், சுருக்கமாக மேசன், என்பது கிளை கிளையாகக் கூடி, சடங்கு நடத்தி உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சகோதரச் சங்கம். கயிறு உண்மைதான். சேர வருகிறவரின் கண்ணைக் கட்டி, இடப்பக்க மார்பு தெரியும்படி சட்டையை விலக்கி, கால்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கழுத்தில் சுருக்குக் கயிறு மாட்டித்தான் உள்ளே அழைத்துச் செல்வார்கள். இரகசியத்தை வெளியிட்டால் என் கழுத்து அறுபடட்டும், நாக்கு வேரோடு பிடுங்கப்படட்டும், உடல் கடலோர மணலில் புதைக்கப்படட்டும் என்று சொல்லும் உறுதிமொழியும் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தின் தலைமைச் சபை 1986-இல் இந்தத் தண்டனை வாசகங்களை உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட்டது.

இதையெல்லாம் நான் இங்கே எழுதுவதால் புதிதாக எந்த இரகசியமும் வெளியாகிவிடவில்லை. லண்டனில் நான்கு கிளைகள் கூடித் தலைமைச் சபையை அமைத்ததாகச் சொல்லப்படுவது 1717-இல். 1730-இலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்குகளைக் கேள்வியும் பதிலுமாக அச்சிட்டு விற்றுவிட்டார். கொத்தனாரின் மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் ஒழுக்கத்துக்கு அடையாளமாகக் காட்டி, கட்டடம் எழுப்புவதைப் போல மனிதன் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று போதிக்கும் நாடகம்தான் இந்தச் சடங்கு. நம் பக்கத்திலும் இது நேற்று வந்ததன்று: ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சிராப்பள்ளியிலேயே உறுப்பினரானவர்.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியை, கொன்றுவிடுவார்கள் என்பதை, வெறும் வதந்தி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் அந்தப் பயத்துக்குப் பின்னால் காணாமல்போன ஒரு மனிதர் இருக்கிறார்.

நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் மோர்கன், மேசன் சடங்குகளைப் புத்தகமாக வெளியிடப்போவதாக 1826-இல் அறிவித்தார். அந்தச் செப்டம்பரில் அவருடைய பதிப்பாளரின் அச்சகத்துக்குத் தீ வைக்க முயன்றார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி, சட்டையும் கழுத்துத்துணியும் இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை என்ற புகாரில் மோர்கனைக் கைதுசெய்து, வெகுதூரத்திலிருந்த கனண்டைகுவா ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் புகார் நிற்காததால், மூன்று டாலருக்கும் குறைவான ஒரு கடனுக்காக உடனே சிறையில் அடைத்தார்கள். மறுநாள் இரவு சிலர் வந்து கடனைத் தாங்களே கட்டினார்கள். சிறைக் காவலர் வீட்டில் இல்லாததால் அவருடைய மனைவி கதவைத் திறந்துவிட்டார். வாசலுக்கு வந்த மோர்கனை இருபுறமும் பிடித்து, காத்திருந்த வண்டியில் ஏற்றினார்கள். அவர் திமிறி, ‘கொலை, கொலை’ என்று கத்தியதைத் தெருவில் இருந்தவர்கள் கேட்டார்கள். வண்டி நயாகரா கோட்டைக்குப் போனது. அங்கே பயன்படாமல் கிடந்த வெடிமருந்துக் கிடங்கில் சில நாட்கள் அவரை அடைத்துவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மோர்கனை யாரும் பார்க்கவில்லை. அவர் கொல்லப்பட்டார் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். கொலை என்று எவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

சரக்கைக் கைமாற்றுவதைப் போல ஒரு மனிதரை ஊர்விட்டு ஊர் கடத்திய இந்தக் கொடுமையைவிட, அடுத்து நடந்ததுதான் மக்களைக் கொதிக்கவைத்தது. கடத்தலுக்கு உடந்தையாக இருந்த நயாகரா மாவட்டத்தின் ஷெரீஃப் (சட்டம் ஒழுங்கு அதிகாரி) எலி புரூஸ் ஒரு மேசன். விசாரணைக்கு நடுவர்களை, அதாவது வழக்கைக் கேட்டு முடிவுசொல்லும் பொதுமக்களை, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இத்தகைய ஷெரீஃபுகளிடமே இருந்தது; தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலும் மேசன்கள் பலர். சாட்சிகள் வாய் திறக்கவில்லை, சிலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். 1827 ஜனவரியில் தண்டிக்கப்பட்ட நால்வருக்குக் கிடைத்த சிறைத்தண்டனை ஒரு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரைதான். புரூஸுக்கு இருபத்தெட்டு மாதம். நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: அன்றைய ஆளுநர் டெவிட் கிளின்டனும் மேசன்தான், குற்றவாளிகளைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு அறிவித்தவரும் அவர்தான். ஆனால் அதற்குள் மக்களின் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மேசன் எதிர்ப்புக்கென்றே ஒரு கட்சி பிறந்து, 1831-இல் பால்டிமோரில் மாநாடு கூட்டி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து, 1832 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தின் ஏழு தேர்வாளர் வாக்குகளையும் பெற்றது. மோர்கனின் புத்தகமோ 1826-லேயே வெளிவந்து அமோகமாக விற்றது. எதை மறைக்க அவரைக் கடத்தினார்களோ, அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

கேள்வி: மேசன்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று அவர்களுடைய அமெரிக்கத் தலைவர் ஆல்பர்ட் பைக்கே சொல்லியிருக்கிறாராமே? – ஒரு வாசகர், நாகர்கோவில்.

பதில்: சொல்லவில்லை. அந்த மேற்கோள், பிரான்ஸில் லியோ டாக்சில் என்ற எழுத்தாளர் 1885-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் நடத்திய மோசடியோடு பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1738-லிருந்தே மேசன் சங்கத்தைக் கண்டித்துவந்தது. 1884-இல் போப் பதின்மூன்றாம் லியோ மீண்டும் கடுமையாகக் கண்டித்திருந்தார். அந்தச் சூழலைப் பயன்படுத்திக்கொண்ட டாக்சில், சாத்தான் வழிபாட்டிலிருந்து மனம் திரும்பிய டயானா வாகன் என்ற பெண்ணைக் கற்பனையில் படைத்து, அவர் பெயரில் கதை கதையாக எழுதினார். 1897 ஏப்ரல் 19-ஆம் தேதி, டயானாவை நேரில் காட்டுவதாகச் சொல்லிப் பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாம் தன் கட்டுக்கதையே என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். பொய் சொன்னவரே பொய் என்று சொல்லி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த மேற்கோள் இன்றும் கைபேசிகளில் சுற்றுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இத்தகைய பொய்கள் தீங்கற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ 1940 மார்ச் 1-ஆம் தேதி மேசன்களையும் கம்யூனிஸ்டுகளையும் ஒடுக்கவென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, தனி நீதிமன்றமும் அமைத்தார். உள்நாட்டுப் போருக்கு முன் அந்நாட்டில் இருந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ 5,000 பேர். சலமான்காவில் சேர்த்துவைத்த கோப்புகளோ ஏறத்தாழ 80,000 பேரைப் பற்றியவை. ஒரு கூட்டத்துக்கும் போகாதவர்கள்கூட அந்தக் கோப்புகளில் இருந்தார்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் சந்தேகப்படுவதே தவறா? நீதிபதிகளும் காவல் அதிகாரிகளும் உறுப்பினர்களாக இருக்கலாமா? – ஒரு வழக்கறிஞர், மதுரை.

பதில்: சந்தேகம் தவறில்லை, எதைச் சந்தேகிப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். உறுப்பினர்கள் எப்படிக் கைகுலுக்குகிறார்கள் என்பது பிறருக்குத் தேவையில்லாத விஷயம். வழக்கை விசாரிக்கிறவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே கிளையில் சகோதர உறுதி எடுத்தவர்களா என்பது, அந்த நீதிமன்றத்தை நம்பி நிற்கும் ஒவ்வொருவருக்கும் தேவையான விஷயம்.

இத்தாலியில் 1981 மார்ச் 17-ஆம் தேதி லிச்சியோ ஜெல்லி என்பவரின் இடத்தைச் சோதனையிட்டபோது, அவர் தலைமையில் இயங்கிய ‘பி-2’ என்ற மேசன் கிளையின் உறுப்பினர் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் 962 பெயர்கள்: அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், படைத்தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், பிற்காலத்தில் பிரதமரான பெர்லுஸ்கோனி. மே மாதம் பட்டியல் வெளியானதும் ஃபோர்லானி அரசு கவிழ்ந்தது. அந்தக் கிளையை இத்தாலியின் தலைமைச் சபையே 1976-இல் இடைநிறுத்தியிருந்தது. ஜெல்லி அதற்குப் பிறகும் அதை மறைவாக நடத்திவந்தார். 1982-இல் நாடாளுமன்றம் பி-2-ஐக் கலைத்துச் சட்டம் இயற்றியது. குற்றம் என்று அச்சட்டம் கண்டது, தங்கள் இருப்பையோ உறுப்பினர்களையோ மறைத்துக்கொண்டு அரசுப் பணிகளில் தலையிடுவதையே. மேசன் சங்கம் என்பதையே அது தடைசெய்யவில்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பிரிட்டனில் 1998 முதல் புதிதாகப் பதவியேற்கும் நீதிபதிகள் உறுப்பினர்களா என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. மேசன்களை மட்டும் தனியே குறிவைப்பது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலி வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, 2009-இல் அந்த விதி கைவிடப்பட்டது. அங்கே கைவிட்டதற்குப் பதிலாக விரிவாக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. சகோதர உறுதி கேட்கும் எந்தச் சங்கமானாலும், அது மேசனோ வேறு எதுவோ, தீர்ப்பு எழுதும் கையும் முதல் தகவல் அறிக்கை பதியும் கையும் அதில் இருந்தால், தன் மேலதிகாரியிடமாவது அதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கனண்டைகுவாவில் நடுவர்களை அழைத்த ஷெரீஃபுகளிடம் அப்படி ஒரு தாள் கேட்கப்பட்டிருந்தால், மோர்கனின் மனைவி லூசிண்டாவுக்குத் தன் கணவருக்கு என்ன ஆனது என்பதாவது தெரிந்திருக்கக்கூடும்.