437 பகா எண் இல்லை

கோத்தகிரி நண்பருக்கு வணக்கம். நாற்றங்காலில் இருக்கும் 437 தேயிலை நாற்றுப் பைகளை வரிசைக்கு ஒரே எண்ணிக்கையில் அடுக்க வேண்டும், 2, 3, 5, 7 எதனாலும் வகுபடவில்லை, ஆகவே 437 பகா எண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டீர்கள்.

எதுவரை சோதிப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. 21-இன் வர்க்கம் 441. அது 437-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டு காரணிகளும் 21 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்கல் 441-க்குக் குறையாது. எனவே ஒரு காரணியாவது 21-க்குக் கீழே இருந்தாக வேண்டும். அதற்குள் வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 4, 6, 9 எல்லாம் வீண் வேலை. 11-இல் மீதி 8, 13-இலும் 8, 17-இல் 12. 19-இல் மீதியே இல்லை: 19 × 23 = 437.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் வழி. 437 என்பது 441-இல் 4 குறைவு, அதாவது 21²-இலிருந்து 2². உடனே (21 − 2) × (21 + 2) என்று பிரிந்துவிடும். எல்லா எண்ணும் இவ்வளவு சுலபமாக மசியாது.

ஆக, 19 வரிசையில் 23 பைகள், அல்லது 23 வரிசையில் 19. ஒன்று சொல்கிறேன்: இது சமதளத்துக்குத்தான். நாற்றைச் சரிவில் நடும்போது சம உயரக் கோட்டை ஒட்டித்தான் வரிசை போகும். அங்கே வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறும். இன்னும் இரண்டு பை சேர்த்துவிடாதீர்கள். 439 உண்மையாகவே பகா எண்.